துவைத்த துண்டிலிருந்து தொடங்கும் ஸ்வெட்டர்

ஸ்வெட்டர் பின்ன ஆசைப்பட்டு நூலும் ஊசியும் வாங்கி, பாதியில் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். கேட்டால் "அளவே சரியாக வரவில்லை" என்பார்கள். பின்னத் தெரியாதவர்கள் இல்லை, நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னலும் நன்றாகவே வரும், மஃப்ளர் குல்லா எல்லாம் பின்னியிருப்பார்கள். ஸ்வெட்டரில் மட்டும் மாட்டிக்கொள்வதற்குக் காரணம், யாரோ எழுதிய பேட்டர்னில், அதாவது செய்முறைக் குறிப்பில், இருக்கும் கண்ணி எண்ணிக்கையை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவதுதான். அந்த எண் அவர் கைக்கும் அவர் நூலுக்கும் அவர் மனதில் வைத்திருந்த உடம்புக்கும் உரியது. உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க அதே நூலில் பின்னிப் பார்க்கும் ஒரு சின்ன மாதிரித் துண்டும், பெருக்கத் தெரிந்த கையும் போதும். ஒரு முழு ஸ்வெட்டரின் கணக்கை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். ஊசிப் பின்னலில் தொடங்குகிறேன், ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷேயில் எங்கே மாறுமோ அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் நூல். முதல் ஸ்வெட்டருக்கு வெளிர் நிறத்தில், முறுக்கு நன்றாக இருக்கிற, மொழுமொழுவென்ற நூலாக எடுங்கள். கறுப்பு, கருநீலம், மயிர் மயிராக நிற்கும் மோஹேர் எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கண்ணி கண்ணுக்குத் தெரிந்தால்தான் தப்பு நடந்த இடம் தெரியும். கம்பளிக்கு ஒரு பெரிய குணம் உண்டு, இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பி வரும், அதனால் இடுப்பிலும் மணிக்கட்டிலும் வரும் ரிப், அதாவது இழுபடும் வரிவரியான ஓரப் பட்டை, பல வருஷம் பிடிப்போடு இருக்கும். பருத்திக்கு அந்தத் திரும்பி வரும் குணம் கிடையாது, எடையும் அதிகம், நாளாக ஆகத் தொங்கும். அக்ரிலிக் துவைக்க எளிது, ஆனால் நீராவி அதிகம் பட்டால் துவண்டு பளபளத்துப் போகும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது. மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருக்கும் சூப்பர்வாஷ் கம்பளியில், இழையின் மேல் உள்ள செதில்களை நீக்கியோ மேலே பூச்சு கொடுத்தோ வழுவழுப்பாக்கியிருப்பார்கள், அதனால் ஈரத்தில் அது நன்றாகவே நீளும்.

இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாமல் போனதால் ஒரு ஸ்வெட்டர் முழுதாகக் கெட்டது. மாதிரித் துண்டு பின்னினேன், எண்ணினேன், கணக்குப் போட்டேன், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன், துண்டைத் துவைக்க மட்டும் இல்லை. இரண்டு மாத வேலை. போட்டுப் பார்த்தபோது அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. முதல் துவையலுக்கு அப்புறம் இடுப்பில் நின்ற ஓரம் பாதித் தொடைக்கு வந்துவிட்டது, கை விரல் நுனியைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து துவைக்காத துண்டில் நான் ஒரு கண்ணிகூட எண்ணுவதில்லை.

சரி, மாதிரித் துண்டை எப்படிப் பின்னுவது. குறைந்தது 15 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் இருக்கட்டும். 10-க்கு 10 என்று பின்னினால் ஓரக் கண்ணிகளின் இழுப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்வெட்டரை வட்டமாகச் சர்க்குலர் ஊசியில் (இரண்டு ஊசி முனைகளை ஒரு கேபிள் இணைத்திருக்கும்) பின்னப் போகிறீர்கள் என்றால் துண்டையும் வட்டமாகவே பின்னுங்கள், ஏனென்றால் பலருக்கு பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக வரும். பின்னி முடித்ததும், ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அதே மாதிரி துவைத்து, டவலில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, மட்டமாகப் பரப்பிக் காய வையுங்கள். இழுத்துக் குண்டூசி குத்தி வைக்காதீர்கள், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது யாரும் குண்டூசி குத்தி வைக்கப் போவதில்லை.

காய்ந்த துண்டை நல்ல வெளிச்சத்தில் மேசைமேல் வைத்து, நடுவில் ஒரு ஸ்கேலைப் படுக்க வையுங்கள். நிட் பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சின்ன V வடிவம். ஸ்கேலின் 0 ஒரு V-யின் இடது காலில் சரியாக நிற்கட்டும், அங்கிருந்து 10 செ.மீ. வரை எத்தனை V என்று ஊசி நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். கடைசியில் பாதி V வந்தால் அந்தப் பாதியையும் எழுதுங்கள், "அரைதானே" என்று விடக்கூடாது. பிறகு ஸ்கேலை நிமிர்த்தி, வரிசைகளையும் அதேபோல எண்ணுங்கள். துண்டின் மூன்று வெவ்வேறு இடங்களில் எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது.

அரைக் கண்ணிக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், இதோ கணக்கு. டிகே என்ற இடைத்தரத் தடிமனுள்ள நூலில் 4 மி.மீ. ஊசியில் பெரும்பாலும் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும். உடம்புச் சுற்று 100 செ.மீ. வேண்டும் என்று 220 கண்ணி போடுகிறீர்கள். உங்கள் கைக்கு உண்மையில் 21 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 220 கண்ணி கிட்டத்தட்ட 105 செ.மீ. ஆகிவிடும். 20 வந்தால் 110 செ.மீ. இரண்டே இரண்டு கண்ணி வித்தியாசத்தில் ஸ்வெட்டர் இன்னொருவர் அளவுக்குப் போய்விடுகிறது.

துண்டை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு தடவை எடை போட்டுவிடுங்கள், எவ்வளவு நூல் வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். 15-க்கு 15 என்றால் 225 சதுர செ.மீ., அது 12 கிராம் இருக்கிறது என்று வையுங்கள். நடுத்தர அளவு முழுக்கை ஸ்வெட்டரின் பரப்பை, உடம்பு ஒரு செவ்வகம் கைகள் இரண்டு சரிவகம் என்று போட்டுக் கூட்டினால் சுமார் 8,500 சதுர செ.மீ. வரும். 8,500-ஐ 225-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கினால் 450 கிராமுக்குச் சற்று மேல். அதில் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், 520 கிராம், அதாவது 100 கிராம் உருண்டை ஆறு. எல்லாம் ஒரே சாய எண் (ஒரே தொட்டியில் சாயம் ஏற்றியதற்கான எண்) உள்ளதாகப் பார்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். கையால் சாயமிட்ட நூல் என்றால் ஒரே சாய எண்ணிலும் உருண்டைக்கு உருண்டை நிறம் மாறும், அப்போது இரண்டு உருண்டைகளை இரண்டிரண்டு வரிசைக்கு மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கலந்து போய்விடும்.

இப்போது உடம்பளவு. டேப்பை மார்பில் சுற்றி எடுப்பது ஒரு வழி, ஆனால் அதைவிட நல்ல வழி, உங்களிடம் இருப்பதிலேயே உங்களுக்கு மிகவும் பிடித்த ஸ்வெட்டரையோ ஸ்வெட்ஷர்ட்டையோ தரையில் பரப்பி அளப்பது. அக்குளுக்கு அக்குள் அகலம், அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை நீளம், கையின் மேல் அகலம், மணிக்கட்டு அகலம், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை கை நீளம், பின்கழுத்து அகலம். இந்த ஆறு போதும். உங்கள் உடம்புக்கும் அந்த உடுப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் விரும்பும் தளர்வு. பொதுவாகச் சொன்னால் 5 முதல் 10 செ.மீ. தளர்வு எல்லாருக்கும் வசதியாக இருக்கும், உடம்போடு ஒட்டி வேண்டுமென்றால் அதற்கும் கீழே, உள்ளே சட்டை போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் 15-க்கு மேலே. தடிமனான நூலுக்குக் கொஞ்சம் கூட வையுங்கள், துணியின் தடிமனே உள்ளே இடத்தைச் சாப்பிடும்.

நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 92 செ.மீ. மார்பு, 8 செ.மீ. தளர்வு, ஆக 100 செ.மீ. கேஜ், அதாவது துண்டில் எண்ணிய அளவு, 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. வடிவம், கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லன். 1815-இல் வாட்டர்லூ போரில் கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயரில் வழங்கும் கை வடிவம் அது. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக நாலு கோடு ஓடும், தோள் தையல் கிடையாது. முதல் ஸ்வெட்டருக்கு இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன், ஏனென்றால் பின்னப் பின்னத் தலையில் மாட்டிப் பார்த்துக்கொண்டே போகலாம், தப்பு இருந்தால் அன்றைக்கே தெரியும்.

கணக்கை அக்குளிலிருந்து மேலே நோக்கிப் போடுங்கள். உடம்புக்கு 220 கண்ணி. ஒவ்வொரு அக்குளுக்கும் அடியில் 12 கண்ணி புதிதாகப் போடுவோம், அது சுமார் 5.5 செ.மீ. அந்த 24-ஐக் கழித்தால் 196, ஆக முன்பக்கம் 98, பின்பக்கம் 98. கையின் மேல் சுற்று 36 செ.மீ. வேண்டும் என்றால் 80 கண்ணி, அதிலிருந்தும் அக்குளின் 12-ஐக் கழித்தால் 68. எல்லாவற்றையும் கூட்டினால், கையைப் பிரிக்கும் நேரத்தில் ஊசியில் 332 கண்ணி இருக்க வேண்டும். கழுத்தில் 45 செ.மீ. சுற்று வேண்டும், அதற்கு 100 கண்ணி. 332-இல் 100 போக 232. ராக்லனில் ஒரு கூட்டும் வரிசைக்கு 8 கண்ணி கூடும், 232-ஐ 8-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 29 தடவை. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கூட்டினால் 58 வரிசை, 19 செ.மீ. சொச்சம், கடைசியில் கூட்டாமல் 6 வரிசை சேர்த்தால் 21 செ.மீ. ஆகும். மார்பு 92 உள்ளவருக்கு அந்த ஆழம் சரியாக இருக்கும். தொடக்கத்தில் அந்த 100 கண்ணி பிரியும் விதம்: முன் 40, பின் 40, கை ஒவ்வொன்றுக்கும் 10. உங்கள் எண்கள் இவ்வளவு அழகாக வகுபடாமல் போகலாம், அப்போது கழுத்துக் கண்ணியில் நாலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுங்கள். அக்குள் கண்ணியிலும் அந்தச் சுதந்திரம் உண்டு.

எலிசபெத் சிம்மர்மன் என்ற பெயரைப் பின்னுபவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், உடம்புச் சுற்றை 100 என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் சதவீதத்தில் சொல்லிக்கொடுத்தவர். மணிக்கட்டு 20, மேல் கை 33 முதல் 35, கழுத்து 40, அக்குள் 8 என்பது அவருடைய கணக்கு. நம் 220-க்கு 20 சதவீதம் 44, மணிக்கட்டுக்கு அதையே எடுத்துக்கொள்வோம். அளவெடுக்க முடியாத தூரத்தில் இருப்பவருக்குப் பின்னும்போது இந்தச் சதவீதம் பெரிய உதவி.

இனி ஊசியை எடுக்கலாம். 100 கண்ணியைத் தளர்வாகப் போடுங்கள், தலை இதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். இரண்டு அளவு சிறிய ஊசியில், இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று 3 செ.மீ. ரிப். அப்புறம் 4 மி.மீ. ஊசிக்கு மாறி, நாலு மூலையிலும் வேறு நிற நூல் வளையம் மாட்டிக்கொள்ளுங்கள். கூட்டும் வரிசையில் ஒவ்வொரு வளையத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

அதற்கு முன் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. நம் கழுத்து முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் இருக்கும். சுற்றிலும் ஒரே உயரத்தில் பின்னினால் ஸ்வெட்டர் தொண்டையை அழுத்தும், நாள் முழுக்க முன்னால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பீர்கள். அதனால் ரிப் முடிந்ததும் பின்பக்கத்தில் மட்டும் ஷார்ட் ரோ, அதாவது முழுச் சுற்றும் போகாமல் பாதியில் திரும்பும் வரிசைகள், பின்னுங்கள்: பின்கழுத்து நடுவிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் கை வரை போய்த் திரும்பி, மறுபக்கம் கை வரை போய்த் திரும்பி, ஒவ்வொரு தடவையும் மூன்று நாலு கண்ணி கூடுதலாகப் போங்கள். 8 வரிசை செய்தால் பின்கழுத்து 2.5 செ.மீ.க்கு மேல் உயர்ந்துவிடும். திரும்புகிற இடத்தில் ஓட்டை விழாமல் இருக்க, திரும்பியதும் முதல் கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றி, நூலை ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் இறுக்கி இழுங்கள். அந்தக் கண்ணி இரண்டு காலோடு நிற்கும். திரும்ப அந்த இடத்துக்கு வரும்போது இரண்டு காலையும் ஒரே கண்ணியாகச் சேர்த்துப் பின்னிவிட்டால் தடமே தெரியாது.

332 கண்ணி வந்ததும் கைக் கண்ணிகள் 68-ஐயும் மொட்டை ஊசியில் கோத்த பழைய நூலுக்கு மாற்றி விட்டு, அக்குளுக்கு 12 புதுக் கண்ணி போட்டு உடம்பை வட்டமாகச் சேர்த்துவிடுங்கள். உடனே போட்டுப் பாருங்கள். அக்குளில் இறுக்கினால் நாலு வரிசை பிரித்து, கூட்டாமல் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். இந்த இடத்தில் பிரிக்கச் சோம்பல்படாதீர்கள், இங்கே அரை மணி நேரம், முடித்த பிறகு ஒரு வாரம்.

உடம்பு அதற்கப்புறம் நேராக இறங்குகிற வேலை, அமைதியாகப் பின்னிக்கொண்டு போகலாம். வேண்டிய நீளத்துக்கு 6 செ.மீ. முன்னால் சிறிய ஊசிக்கு மாறி ரிப் போடுங்கள். 220, 44, 100 மூன்றும் நாலால் வகுபடுவதால் இரண்டுக்கு இரண்டு ரிப் எங்கேயும் முறியாது.

கைக்கு வரும்போது எல்லோருக்கும் ஒரே பிரச்சினை, அக்குள் மூலையில் விழும் ஓட்டை. நிறுத்தி வைத்த 68-ஐ ஊசிக்கு ஏற்றி, அக்குளின் 12 கண்ணியை எடுக்கும்போது, இரண்டு பக்க மூலையிலும் ஒரு நீண்ட தளர்ந்த இழை குறுக்கே கிடக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். அந்த இழையை ஊசியால் தூக்கி ஒரு முறுக்குக் கொடுத்துக் கூடுதல் கண்ணியாக ஏற்றிக்கொள்ளுங்கள், மூலைக்கு ஒன்று. அடுத்த வரிசையில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிடுங்கள், திரும்ப 80 ஆகிவிடும், மூலையும் மூடிக்கொள்ளும்.

கை நீளம் 44 செ.மீ., அதில் ரிப் 6. மீதி 38-இல் முதல் 2 செ.மீ. நேராகப் பின்னினால் குறைக்கக் கிடைப்பது 36 செ.மீ., அதாவது 108 வரிசை. 80-இலிருந்து 44-க்கு வர 36 கண்ணி குறைய வேண்டும், தடவைக்கு இரண்டு, ஆக 18 தடவை. 108-ஐ 18-ஆல் வகுத்தால் 6. ஆறு வரிசைக்கு ஒருமுறை அக்குள் கோட்டின் இருபக்கமும் ஒவ்வொன்று. முதல் கையில் எத்தனை வரிசை என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள், இரண்டாவது கை அந்தத் தாளைப் பார்த்துத்தான் வர வேண்டும்.

குரோஷேயில் செய்பவர்கள் முதலில் பெயரைக் கவனியுங்கள். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பது பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே, அமெரிக்க டபுள் பிரிட்டிஷ் ட்ரெபிள். பேட்டர்ன் எந்த முறை என்று பார்க்காமல் தொடங்கினால் முழு ஸ்வெட்டரும் வேறு உயரத்தில் வரும். அடுத்தது துணியின் கனம். குரோஷே துணி தடிப்பாக நிற்கும், பின்னலைவிட நூலும் அதிகம் தின்னும். உடம்பில் வழிந்து விழ வேண்டுமென்றால் மெல்லிய நூலும், லேபிளில் சொன்னதைவிட ஒன்றிரண்டு அளவு பெரிய ஊசியும் எடுங்கள். துவைத்த துண்டை ஒருநாள் கிளிப் போட்டுத் தொங்கவிட்டும் அளந்து பாருங்கள், எடையில் எவ்வளவு இறங்கும் என்று தெரியும்.

ராக்லன் கணக்கும் இதில் அப்படியே வராது, குரோஷே வரிசை உயரமானது. அதே 100 செ.மீ. ஸ்வெட்டருக்கு அமெரிக்க டபுள் குரோஷேயில் 10 செ.மீ.க்கு 16 கண்ணி, 8 வரிசை என்று வையுங்கள். கழுத்தில் 72, கை பிரிக்கும்போது 244 வேண்டும், கூட்ட வேண்டியது 172. ஆனால் 21 செ.மீ.க்குள் கிடைப்பது 17 வரிசைதான், எல்லா வரிசையிலும் எட்டு எட்டாகக் கூட்டினாலும் 136. மீதியைச் சமாளிக்க நாலைந்து வரிசைகளில் மூலைக்கு இரண்டுக்குப் பதில் நாலு கூட்ட வேண்டும். இது தலைச்சுற்றலாக இருந்தால், தோள் இறங்கிய வடிவம் எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பின் இரண்டு செவ்வகம், கை இரண்டு, நாலையும் சேர்த்தால் ஸ்வெட்டர். குரோஷேக்கு அது மிக நன்றாகவே பொருந்தும். ஓர ரிப்பை மட்டும் குறுக்கே, கண்ணியின் மேல் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் குத்தி, நீளப் பட்டையாகப் போடுங்கள், அதுதான் நிஜ ரிப் போல இழுபடும்.

முடிந்ததும் நுனி நூல்களை மொட்டை ஊசியால் உள்பக்கம் கோத்து, ஒரு திசையில் போய் மறுதிசையில் திரும்புங்கள், வெட்டும்போது 3 செ.மீ. வாலை விட்டு வெட்டி, முதல் துவையலுக்குப் பிறகு ஒட்ட நறுக்குங்கள். கம்பளி என்றால் குளிர்ந்த நீரில் கொஞ்சம் சோப்போடு அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் போதும். கசக்கவும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், சூடும் உரசலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். தூக்கும்போது கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள், இல்லாவிட்டால் ஈரத்தின் எடை முழுக்கத் தோளில் விழும். பெரிய டவலில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, மட்டமாகப் பரப்பி, டேப்பை வைத்து 50 செ.மீ. அகலம் வருகிறதா, இரண்டு கையும் ஒரே நீளமா என்று தட்டிச் சரிசெய்து, நிழலில் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிடாதீர்கள், ஹேங்கரிலும் மாட்டாதீர்கள், மடித்து வையுங்கள்.

மீந்த நூலில் ஒரு சின்ன உருண்டையை லேபிளோடும் அந்த மாதிரித் துண்டோடும் ஒரு பையில் போட்டு, ஊசி அளவு, கேஜ், கண்ணி எண்கள் எல்லாம் எழுதிய தாளையும் உள்ளேயே வைத்துவிடுங்கள். சில வருஷம் கழித்து முழங்கை தேயும், அப்போது அதே நூலால் அந்த இடத்தை நிரப்பலாம்.